சிவப்பாக இருந்தால் போதாது

எங்கள் ஏழாயிரம்பண்ணையில் சிவப்பு என்றால் பட்டாசு மருந்தின் அடையாளம். ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் சேர்ந்தால் மத்தாப்பு சிவப்பாக எரியும் என்பது பட்டாசு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஊற்றும் ஆயிலின் சிவப்பு அப்படியல்ல. அது வெறும் சாயம். வண்டிக்கு அடியில் ஒழுகினால் எஞ்சின் ஆயிலா, கியர் பாக்ஸ் ஆயிலா என்று பிரித்துப் பார்க்கக் கலப்பது. நான் இதைத் தெரிந்துகொண்டது வண்டி உதறத் தொடங்கிய பிறகு.

அப்பாவுக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அவருக்காகவே 2011 மாடல் ஐ10 ஆட்டோமேட்டிக் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். ஆயில் மாற்ற ஒரு பட்டறையில் விட்டேன். "சிவப்பு ஆயில்தானே அண்ணாச்சி, எல்லாம் ஒண்ணுதான்" என்று டெக்ஸ்ரான் 3 என்ற வகையை ஊற்றிக் கொடுத்தார்கள். சாத்தூர் போய்த் திரும்புவதற்குள் கியர் மாறும்போதெல்லாம் உதறல். அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். எங்கள் கியர் பெட்டி கேட்டது எஸ்பி-3 என்ற வகை. பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கின்றன. கியர் மாறும் நேரத்தில் அவை கொஞ்சம் வழுக்க வேண்டும், உடனே கவ்வவும் வேண்டும். எவ்வளவு வழுக்கல், எவ்வளவு பிடிப்பு என்பதை ஆயிலில் சேர்க்கும், உராய்வை மாற்றும் பொருள்தான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை இதற்குத் திமிங்கில எண்ணெயே சேர்த்தார்கள். தடை வந்ததும் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. அவ்வளவு நுட்பமான கலவை அது.

புதிதாக வந்த ஆயில் பழையதன் இடத்தில் எப்போதும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். ஹோண்டா தன் பழைய இசட்-1க்குப் பதிலாக டிடபிள்யூ-1 ஊற்றச் சொல்கிறது, அது சரி. ஆனால் டொயோட்டாவின் டி-4 கேட்கும் பெட்டியில் மெல்லிய டபிள்யூஎஸ் ஊற்றக் கூடாது. எஸ்பி-3 இருந்த இடத்தில் எஸ்பி-4ம் அப்படித்தான். எல்லா வண்டிக்கும் பொது என்று விற்கும் பாட்டிலை நான் இப்போது வாங்குவதில்லை. சிவிடி வகை கியர் பெட்டி என்றால் ஆயிலே வேறு. 2014இல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி வகை, உள்ளே சாதாரண கியர் பெட்டிதான். அந்தப் பெட்டியில் இந்தச் சிவப்பு ஆயிலுக்கு வேலையே இல்லை.

தப்பான ஆயிலை ஒரே தடவையில் வெளியேற்ற முடியாது. அடித்திருகைக் கழற்றினால் ஏறக்குறைய பாதிதான் வடியும், மீதி பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் என்ற பாகத்தில் தங்கிவிடும். முதல் தடவை பாதி, அடுத்து கால், அப்புறம் அரைக்கால் என்று மிச்சம் குறைந்துகொண்டே போகும். இடையிடையே சில நாள் ஓட்டி, மூன்று தடவை மாற்றினேன். வடிந்ததை ஒவ்வொரு தடவையும் அளந்து அதே அளவு ஊற்றினேன். உதறல் நின்றது. மெஷின் வைத்து அழுத்தி அலசலாம் என்றார்கள். பழைய பெட்டிக்கு அது வேண்டாம் என்று மறுத்துவிட்டேன்.

அளவு பார்ப்பது பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகு. எங்கள் வண்டியில் எஞ்சின் ஓட ஓடப் பார்க்க வேண்டும், ஹோண்டாவில் நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். டிப்ஸ்டிக்கைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்க விடாதீர்கள்; ஒரு நூல் பிசிறு உள்ளே போனாலும் வால்வு வழியை அடைக்கக்கூடும். ஆயில் கருத்து, கருகல் வாடை அடித்தால் ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டலாம் என்று இருக்காதீர்கள். தட்டுகள் தேய்ந்திருக்கலாம், பெட்டியைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள பெயர் பாட்டிலிலும் அச்சாகியிருந்தால் மட்டும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.