நாதுலா: கோட்டை யார் போட்டது?

திபெத்திய மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான். 'நாதுலா கணவாய்' என்பது நாம் பேச்சுவழக்கில் 'நடு சென்டர்' என்பது போல. ஆனாலும் வகுப்பில் அப்படியே சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே!

கணவாய் என்பது மலைத்தொடரின் தாழ்வான பகுதி என்று கற்பிக்கிறோம். நம் மாணவர்கள் அறிந்த கணவாய் பாலக்காடு. இரயிலில் அமர்ந்தபடியே கடந்துவிடலாம். சிக்கிமில் உள்ள நாதுலாவின் உயரமோ 4,310 மீட்டர், தொட்டபெட்டாவைவிட 1,673 மீட்டர் அதிகம். இதுவா தாழ்வு? சுற்றியுள்ள சிகரங்களோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

கோடை விடுமுறையில் அனுமதிச் சீட்டு பெற்று காங்டாக்கிலிருந்து சென்றேன். ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் ஏற்றம் 2,600 மீட்டருக்கும் மேல். வழியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகப்போக பலூன்போல உப்பியது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். தண்ணீர் சுமார் 86 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கும் 21 விழுக்காடே, காற்றுதான் அடர்த்தி குறைந்தது. இந்த வேறுபாட்டை வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் திபெத்தின் கம்பளி மூட்டைகளைச் சுமந்த கோவேறு கழுதைகள் இவ்வழியே கலிம்போங் சந்தைக்கு இறங்கின. 1962 போரோடு வணிகம் நின்றது. 1967-இல் இங்கேயே இரு நாட்டு வீரர்களும் மோதினர். 44 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006 ஜூலை 6 அன்று வணிகத்திற்காகக் கணவாய் திறக்கப்பட்டது. 2020-இல் அது மீண்டும் நின்றது. இன்று பயணிகள் முள்வேலி வரை செல்லலாம். வேலிக்கு அப்பால் சில அடி தூரத்தில் சீனக் கட்டடம்.

திரும்பி வந்து படங்களைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "இந்தக் கோட்டை யார் சார் போட்டது?"

போட்டது மனிதர்தான்; ஆனால் மலையைப் பார்த்துப் போட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவும் சீனாவும் 1890-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, சிக்கிமில் தீஸ்தாவுக்கு ஓடும் நீரையும் திபெத்தில் அமோ சூ ஆற்றுக்கு ஓடும் நீரையும் பிரிக்கும் மலைமுகட்டையே எல்லையாகக் கொண்டது. பாடத்தில் வரும் நீர்ப்பிரி மேடு இதுவே.

இதைச் செய்துகாட்டுவது எளிது. பழைய செய்தித்தாளைக் கசக்கி, பாதி விரித்து, மலைபோல் நிறுத்துங்கள். முகட்டில் மைக்கோடு வரைந்து சிறிது தண்ணீர் தெளித்தால் மை இருபுறமும் வழிந்து ஓடும். ஒருபுறம் தீஸ்தா. மறுபுறம் அமோ சூ; அது பூடான் வழியாக வந்து நம் நாட்டில் தோர்சா ஆகிறது. இரண்டும் கடைசியில் பிரம்மபுத்திராவில் கலக்கின்றன. எங்கே என்று அட்லஸில் கண்டுபிடிக்கும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். வங்கதேச வரைபடத்தையும் அவர்கள் புரட்ட வேண்டியிருக்கும்.