மூலை சுற்றி வராத சுமை



முதலாண்டு இயற்பியலில் வெக்டர் கூட்டல் என்றால் நமக்கெல்லாம் மார்க் வாங்கும் ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஒரகடத்தில் இன்பிளான்ட் டிரெயினிங் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் தெற்கே வந்தால் ஒரகடம். அங்கே வண்டலூர்-வாலாஜாபாத் சாலை குறுக்கிடுகிறது. தெற்கே 12 கி.மீ. வந்து, நேர் மேற்கே திரும்பி 5 கி.மீ. போவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கடந்த தொலைவு 17 கி.மீ. இது ஸ்கேலர். புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் நேர்கோட்டால் இணைத்தால் √(12² + 5²) = 13 கி.மீ. திசையோடு சேர்த்துச் சொன்னால் இதுதான் இடப்பெயர்ச்சி.

இனி ஷாப்புக்குள் வருவோம். தலைக்கு மேலே இ.ஓ.டி. கிரேன். அதன் பிரிட்ஜ் ஷாப்பின் நீளவாக்கில் ஓடுவது லாங் டிராவல். பிரிட்ஜின் மேல் டிராலி குறுக்கே ஓடுவது கிராஸ் டிராவல். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து.

ஒருநாள் ஒரு டையைத் தூக்கி, நீளவாக்கில் 8 மீட்டர், குறுக்கே 6 மீட்டர் தள்ளி இறக்க வேண்டியிருந்தது. நேரே போய் அப்புறம்தானே திரும்பும் என்று நான் உட்பக்கம் நின்றேன். ஆபரேட்டர் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினார். சுமை சாய்வாக என்னை நோக்கியே வந்தது! "தம்பி, தள்ளு!" என்று சூப்பர்வைசர் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

அன்றிரவு நோட்டில் போட்டுப் பார்த்தேன். தொகுபயன் √(8² + 6²) = 10 மீட்டர். நீளவாக்கிலிருந்து சாய்வு ஏறத்தாழ 37 டிகிரி. முதலில் 8, பிறகு 6 என்று போனாலும், மாற்றிப் போனாலும், சேர்ந்தே போனாலும் இடப்பெயர்ச்சி இதுதான். ஆனால் பாதை வேறு. இரண்டு வேகங்களும் 8:6 விகிதத்தில் இருந்தால் சுமை நேர் மூலைவிட்டத்தில் வரும். இல்லாவிட்டால் கொஞ்ச தூரம் சாய்வாக வந்து, மீதியை நேராகப் போகும்.

ஆக, வெக்டர் கூட்டல் சேருமிடத்தைச் சொல்லும். வரும் வழியைச் சொல்லாது. எனவே அந்த 8×6 செவ்வகம் முழுவதையும், அதைச் சுற்றியும் காலியாக விட்டு விலகி நில்லுங்கள்.

பரீட்சையில் 10-க்குப் பதில் 14 என்று எழுதினால் மார்க்குதான் போகும். ஷாப்பில் போவது அதுவல்ல, நண்பர்களே!