மாடி எழும்பும் முன் மனையை அளப்போம்

கடைத்தெருவில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. "பக்கவாட்டில் விரிக்க வழியில்லை, மேலே கட்டிவிடுவோம்" என்று நம்மில் பலர் கணக்குப் போடுகிறோம். ஆசையில் தவறில்லை. ஆனால் எடை பார்க்காமல் சரக்கு எடுக்காத நாம், மனையின் அகலம் பார்க்காமல் மாடி பேசலாமா?

தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு, அதாவது 60 அடிக்கு மேல் எழும்பினால் அது உயர்மாடிக் கட்டடம். 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் 7 மீட்டர் காலியாக விட வேண்டும். அதற்கு மேல் போகப்போக இந்த இடைவெளியும் கூடும்.

இதை நம் கடைக் கணக்கில் பார்ப்போம். 7 மீட்டர் என்பது 23 அடி. 50 அடி அகல மனையில் இருபுறமும் சேர்த்து 46 அடி போனால் மிச்சம் 4 அடி. அதில் படிக்கட்டுக்கே இடம் போதாது. ஆனால் அடுத்தடுத்த மூன்று மனைக்காரர்கள் ஒன்று சேர்ந்தால் அகலம் 150 அடி. 46 போக 104 அடி நிற்கும். தனித்தனியே நின்றால் மூவருக்கும் சேர்த்து 12 அடி, கூடி நின்றால் 104 அடி. பங்கு விகிதத்தை முதலிலேயே பத்திரத்தில் எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

"23 அடியும் வீண்தானே?" என்று கேட்கலாம். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில், ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்றின் அடித்தளத்தில் பற்றிய தீ மேல்தளங்களுக்கும் ஏறியது. ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பிறகு முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று. தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கும் ஏணி நிமிர்த்துவதற்கும் உரியது அந்தக் காலி இடம். அங்கே தகரக் கொட்டகை போடுவது நம் தலையில் நாமே கொள்ளி வைப்பதாகும்.

படிக்கட்டும் அப்படியே. தீ பிடித்தால் லிஃப்டை நம்பக்கூடாது. ஒரு படிக்கட்டில் புகை சூழ்ந்தால் இறங்க இன்னொன்று வேண்டும். ஒரு தீபாவளிக்கு நாமும் நம் கடைப் படிக்கட்டில் ஜவுளிப் பேல்களை அடுக்கி வைத்தோம். மேல்தளத்தில் மின்கசிவால் புகை வந்தபோது, வாடிக்கையாளர்களும் பணியாட்களும் ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடிந்தது. யாருக்கும் காயமில்லை என்பது இறைவன் செயல். அன்றிரவே பேல்களை அகற்றினோம்.

ஆகவே, வரைபடம் போடும் முன் மூன்றைக் கவனிப்போம். முதலாவது, மனையின் அகலத்தையும் முன் சாலையின் அகலத்தையும் அளந்து, அன்றைய விதியைத் திட்ட அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். இரண்டாவது, வண்டி நிறுத்தக் காட்டிய அடித்தளத்தைக் கிடங்காக்கக் கூடாது. மூன்றாவது, அண்டைக் கடைக்காரரோடு பேசிப் பார்க்க வேண்டும்.

சரக்கு போனால் மீண்டும் வாங்கலாம். நம்மை நம்பி மாடி ஏறி வந்தவரின் உயிரை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.