புயலுக்குப் பின் ஒரு பந்தயத் திடல்

இடர் வரும்போது கலங்காதிருப்பது எளிதன்று. இடர் நீங்கிய பின் முதலில் எதைச் செய்வது என்று அறிவது அதனினும் அரிது. இதற்கு ஒரு சான்றை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் காண்கிறோம்.

அங்குள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரின் பல பகுதிகள் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கியபோது கால்வாய்ச் சுவர்கள் உடைந்தன. நகரின் ஏறக்குறைய 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. ஃபேர் கிரவுண்ட்ஸ் என்னும் பழம்பெரும் குதிரைப் பந்தயத் திடலும் தப்பவில்லை. பார்வையாளர் மாடத்தின் கூரையைக் காற்று பெயர்த்தது. திடலுக்குள் வெள்ளம் புகுந்தது.

திடல் சீராகும் வரை காத்திருந்தால், குதிரைகளைப் பேணும் எளிய தொழிலாளர் பிழைப்பது எப்படி? ஆகவே அப்பருவத்துப் பந்தயங்கள், அதே மாநிலத்தின் வடபகுதியிலுள்ள போசியர் நகரத் திடலுக்கு மாற்றப்பட்டன. 2006 ஏப்ரல் இறுதியில், பந்தயம் திரும்பும் முன்னரே, நகரின் புகழ்பெற்ற ஜாஸ் இசை விழா வழக்கம்போல் ஃபேர் கிரவுண்ட்ஸ் திடலில் தொடங்கியது. துயருற்ற மக்கள் அங்கே ஒன்றுகூடினர். பழுதுகள் நீக்கப்பட்டு, 2006 நவம்பர் 23 அன்று பந்தயங்கள் மீண்டும் ஆரம்பமாயின. அன்று அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றியறிதல் நாள்!

பணம் கட்டிச் சூதாடுவதை நாம் போற்றவில்லை. நாம் கற்பது வேறு. எல்லாம் சீராகட்டும் என்று கைகட்டி நிற்கலாகாது. இல்லாததை அயலாரிடம் தயங்காது கேட்போம். எஞ்சியிருப்பதைப் பிறரோடு பகிர்வோம். மீட்சி அங்கேதான் தொடங்குகிறது.