குறு டெலி லென்ஸ்: துளையைப் பார்த்து வாங்காதீர்கள்

நம்பிக்கை: முகப்படங்களுக்கு 90 மி.மீ. லென்ஸ் வாங்குவதென்றால் எஃப்/2தான் வாங்க வேண்டும். எஃப்/4 எல்லாம் ஏழைகளின் லென்ஸ்.

உண்மை: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. இரண்டு சாளரங்களில் தெரியும் பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஃபோகஸ் செய்கிறோம். அந்தச் சாளரங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் கேமரா எவ்வளவு நுணுக்கமாக ஃபோகஸ் செய்யும் என்பது தெரிந்துவிடும். 1954இல் வந்த லைக்கா எம்3இல் அது ஏறத்தாழ 62 மி.மீ. எம்6இல் 50. 1973இல் வந்த சிறிய லைக்கா சி.எல்.லில் வெறும் 19.

இப்போது 90 மி.மீ. லென்ஸை எஃப்/2இல் திறந்து ஒரு மீட்டரில் ஒரு முகத்தை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூர்மையாக விழும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. கண் தெளிந்தால் மூக்கு நுனி மங்கிவிடும். எதிரில் இருப்பவர் சற்றே முன்னால் சாய்ந்தாலும் கண்ணும் போய்விடும். எம்3இல் இதற்குப் பழகிக்கொள்ளலாம். சி.எல்.லில் பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். அந்தக் கேமராவுக்கென்று வந்த 90 மி.மீ. எல்மார்-சி எஃப்/4 துளை கொண்டது. என் கணிப்பில் அதைவிடப் பொருத்தமான ஜோடி அதற்குக் கிடையாது.

நம்பிக்கை: டெலி லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கும்.

உண்மை: நீங்கள் நிற்கும் தூரம்தான் அதைச் செய்கிறது. அதே இடத்தில் நின்று 50இல் எடுத்து நடுப்பகுதியை வெட்டினாலும் அதே முகம்தான் வரும்.

நம்பிக்கை: மவுண்டில் உட்கார்ந்துவிட்டால் லென்ஸ் வேலை செய்யும்.

உண்மை: இதில் பணம் இழந்தவர்கள் நிறைய. 1950இல் லைஃப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் 8.5 செ.மீ. எஃப்/2 நிக்கார் லென்ஸில் எடுக்கப்பட்ட ஒரு படத்தைக் கண்டு அசந்துபோனார்; கொரியப் போருக்குத் தம் லைக்காவில் நிக்கார் லென்ஸ்களை மாட்டிக்கொண்டே போனார். அந்தப் புகழால் இன்றும் அந்த லென்ஸைப் பலர் தேடுகிறார்கள். ஆனால் நிக்கான் ரேஞ்ச்ஃபைண்டருக்கான பிரதியைப் பழைய கான்டாக்ஸ் கேமராவில் மாட்டினால், சரியாக உட்காரும், ஃபோகஸ் மட்டும் தவறும். இரண்டின் ஃபோகஸ் அளவீடும் சற்றே வேறு. அகலக்கோண லென்ஸ்களில் அந்தப் பிழை ஆழத்தில் மறைந்துவிடும், 85இல் மறையாது.

நம்பிக்கை: 75 மி.மீ. லென்ஸ் எல்லாக் கேமராவுக்கும் சௌகரியமான நடுவழி.

உண்மை: எம்3இன் வியூஃபைண்டரில் 75க்குச் சட்டக்கோடே இல்லை, 50, 90, 135 மட்டுமே. எம்6இல் உண்டு, 50இன் கோடுகளோடு சேர்ந்தே தெரியும்.

ஆகவே எம்3 வைத்திருந்தால் 90 எஃப்/2 வரை போகலாம். எம்6 என்றால் 90 எஃப்/2.8 அல்லது 75. சி.எல். என்றால் எஃப்/4. பழைய லென்ஸானால் உள்ளே டார்ச் அடித்து மூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுக்கும் முன் உங்கள் கேமராவிலேயே மாட்டி, துளையை முழுக்கத் திறந்து, மிக அருகில் ஒருவரின் கண்ணை எடுத்துப் பாருங்கள்.