விடுதி மாணவியின் ஓட்டு எந்த ஊரில்?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், விடுதியில் தங்கியிருக்கிறீர்கள். வாக்காளர் தினத்தன்று உங்கள் கல்லூரியில் கோலம் போட்டார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், மனிதச் சங்கிலியாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆண்டு முழுக்க நடக்கிற மாதிரி ஏதாவது செய்யலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்து முதல்வரிடம் போனீர்கள். "படிக்கிற வேலையைப் பாருங்கம்மா, அரசியலெல்லாம் இங்கே வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். வகுப்பிலோ பாதிப் பேருக்கு ஆர்வமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆர்வம் பற்றிய கவலையைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். தமிழ்நாட்டு மாணவர்கள் ஆர்வமில்லாதவர்கள் என்று நம் வரலாறு சொல்லவில்லை. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராக மாநிலம் முழுவதும் கல்லூரிகள் தெருவுக்கு வந்தன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், அந்தப் போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். 2013இல் ஈழத்தமிழர்களுக்காகச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அது பல கல்லூரிகளுக்குப் பரவியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட கூட்டத்தை நீங்களே தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

1967இல் வாக்களிக்கும் வயது 21. காமராஜருக்கு எதிராக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட மாணவர்களில் பலருக்குச் சொந்தமாக ஓட்டு இல்லை. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு அது கிடைத்தது. அன்றைக்கு ஓட்டில்லாமல் ஓர் ஆட்சியை மாற்ற உதவினார்கள். இன்றைக்கு ஓட்டு இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறதா, இருந்தால் எந்த ஊரில் என்று கேட்டால் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் தயங்காமல் பதில் சொல்வார்கள்? எழுச்சி நமக்குக் கைவந்த விஷயம். எழுச்சி அடங்கிய பிறகு, திங்கள்கிழமை காலை வகுப்பு தொடங்கும்போது மிச்சமிருக்கிற அமைப்புதான் நம்மிடம் குறைவு. மெரினாவில் அத்தனை பேர் கூடினார்கள். கல்லூரிக்குக் கல்லூரி நிலைத்து நிற்கிற மாணவர் குழு என்று அதிலிருந்து பெரிதாக எதுவும் எழவில்லை.

ஆகவே, பெரிதாக எதையும் அறிவிக்காமல், எல்லோருக்கும் இருக்கிற ஒரு சிறு சிக்கலில் கை வையுங்கள் என்பதே என் பதில். உங்கள் விடுதியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது: விடுதி மாணவியின் ஓட்டு எந்த ஊரில்?

விதி எளிது. வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர் பெற்றோர் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ, இரண்டில் ஒன்றில், பெயர் சேர்த்துக்கொள்ளலாம். படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் ஓராண்டுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். விடுதி முகவரியைக் கொடுத்தால் கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைட் சான்றிதழை இணைக்க வேண்டும். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. ஏற்கெனவே ஊரில் பெயர் இருந்து இங்கே மாற்ற வேண்டுமானால் படிவம் 8. இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். ஜனவரி 2 அன்று பிறந்தவர் பதினெட்டு முடித்தும் ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என்று நான்கு தகுதி நாட்கள். பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். ஆக, உங்கள் முதலாண்டு மாணவிகளில் இன்னும் பதினெட்டு ஆகாதவர்களும் இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

எந்த முகவரி நல்லது என்பதை நீங்கள் முடிவு செய்து சொல்லாதீர்கள்; இரண்டின் விளைவையும் விளக்கிவிட்டு அவரவரிடம் விட்டுவிடுங்கள். ஊரில் பெயர் இருந்தால் வாக்குப்பதிவு நாளில் பஸ் பிடித்துப் போக வேண்டும். செமஸ்டர் தேர்வு நேரத்தில் முந்நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கிற ஊர் என்றால் அந்த ஓட்டு பெரும்பாலும் விழாமலே போகும். ஆனால் கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராமசபை உறுப்பினர். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு பொது விடுமுறை. கல்லூரி மூடியிருக்கும், நீங்கள் ஊரில் இருப்பீர்கள். ஊராட்சியின் வரவுசெலவை எழுந்து நின்று கேட்கிற உரிமை பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் இந்த நாட்டில் வேறு அதிகம் இல்லை. அந்த உரிமையையும் சேர்த்து விடுதிக்கு மாற்றிவிடுகிறோம் என்று தெரிந்துதான் படிவம் 8இல் கையெழுத்துப் போட வேண்டும்.

இது ஏதோ அலுவலகச் சமாச்சாரம் என்று தோன்றலாம். இதே கேள்விக்காக அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகள் போராடியிருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் வாலர் கவுண்டியில் உள்ள பிரெய்ரி வியூ ஏ அண்டு எம், கறுப்பின மாணவர்களுக்காக 1876இல் தொடங்கப்பட்டது. 1971இல் அமெரிக்காவில் வாக்கு வயது பதினெட்டானதும் அந்த மாணவர்கள் பெயர் சேர்க்கப் போனார்கள். அங்கிருந்த பதிவு அதிகாரி அவர்களிடம் தனியாக ஒரு கேள்வித்தாளை நீட்டினார்: இங்கே சொத்து இருக்கிறதா, படித்து முடித்ததும் இங்கே வேலை இருக்கிறதா என்றெல்லாம். படிக்க வந்தவர் உள்ளூர்க்காரர் ஆக மாட்டார் என்பது அவர் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1979இல் மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அதோடு தீர்ந்துவிடவில்லை. 2003-04இல் அந்த வட்டார அரசு வழக்கறிஞர் அதே வாதத்தை மறுபடி எடுத்தார். மாணவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2008இல் முன்கூட்டி வாக்களிக்கும் மையம் கவுண்டியின் தலைநகரில் மட்டுமே இருந்ததைக் கண்டித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடந்தே ஓட்டுப் போடப் போனார்கள். அந்த 2008ஆம் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் 1979இல் பிறந்திருக்கக்கூட மாட்டார்கள். ஒரு தலைமுறை வாங்கிய தீர்ப்பை அடுத்த தலைமுறை காவல் காக்க வேண்டியிருந்தது. இங்கே விதி ஏற்கெனவே நம் பக்கம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆள்தான் வேண்டும்.

இனி வேலை. இதற்குப் பேனர் வேண்டாம். ஒரு நோட்டு போதும். வகுப்புக்கு இரண்டு பேரைப் பிடியுங்கள். மேடையில் நன்றாகப் பேசுகிறவரைத் தேடிப் போகாதீர்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் நிரப்பவும் அரியர் கட்டணம் கட்டவும் வகுப்பே யாரிடம் போய் நிற்கிறதோ, அவர்தான் உங்களுக்கு வேண்டியவர். ஒருவர் விடுதி, ஒருவர் டே ஸ்காலர் என்று இருக்கட்டும். இருவரும் ஒரே சாதியாகவோ, ஒரே ஊர் கோஷ்டியாகவோ, ஒரே பஸ் ரூட்டுக்காரர்களாகவோ இருந்தால் வகுப்பில் பாதி உங்கள் நோட்டுக்குள் வராது. இதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டும் விடுதிகள் உள்ள கல்லூரியில் மாலைக் கூட்டம் என்றால் பெண்கள் வர முடியாது. மதிய இடைவேளையில் வையுங்கள், இருபது நிமிடத்தில் முடியுங்கள்.

நோட்டில் மூன்று கேள்விகள் மட்டும்: வயது பதினெட்டு ஆகிவிட்டதா, பட்டியலில் பெயர் இருக்கிறதா, எந்த ஊரில்? ஆதார் எண்ணோ தொலைபேசி எண்ணோ அதில் ஏறக் கூடாது. யாருக்கு ஓட்டு என்ற பேச்சு அந்த நோட்டின் பக்கத்திலேயே வரக் கூடாது. உங்களில் கட்சி மாணவர் அணிகளில் இருப்பவர்கள் தாராளமாக வரட்டும். கட்சிக்காரர்களுக்குத்தான் இந்த வேலையில் பழக்கம் அதிகம். கொடியை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

முதல்வரிடம் மறுபடி போங்கள். இந்த முறை அரசியல் பேச அனுமதி கேட்க வேண்டாம். இத்தனை மாணவிகளுக்குப் போனஃபைட் சான்றிதழ் வேண்டும் என்று பெயர்ப்பட்டியலோடு போய் நில்லுங்கள். தேர்தல் ஆணையமே 2018 முதல் கல்லூரிகளில் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களை அமைக்கச் சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியிலும் அது தாளில் இருக்க வாய்ப்பு உண்டு, யார் பொறுப்பு என்று கேளுங்கள். என்எஸ்எஸ் திட்ட அலுவலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அரசியல் வேண்டாம்" என்று சொல்கிற நிர்வாகம் ‘சான்றிதழ் தர மாட்டேன்’ என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. முதல்வரின் பயத்தையும் சற்றுப் புரிந்துகொள்ளுங்கள்: வளாகத்தில் அடிதடி நடந்தால் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பயம் வாதத்தால் போகாது; ஒரு பருவம் ஒழுங்காக நடந்த வேலையைப் பார்த்தால் குறையும்.

நோட்டு நிறைந்ததும் உங்களுக்கே ஒரு விஷயம் விளங்கும். ஒவ்வொரு வகுப்பிலும் இருவரும், அவர்களை நம்புகிற வகுப்பும் இப்போது உங்களிடம் உண்டு. விடுதித் தண்ணீர், தாமதமாகும் உதவித்தொகை, கடைசி பஸ் நேரம் எதுவானாலும் அதே வழியில் போகும். அப்போது விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால், மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது யுஜிசியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. மாணவர் பேரவைத் தேர்தலே நடக்காத கல்லூரிக்கும் இது பொருந்தும். உங்கள் கல்லூரியில் அந்த மூவர் யார், எப்போது தேர்தல் நடந்தது என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

பேரவைத் தேர்தல் என்றாலே பலருக்குப் பணமும் அடியாளும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்காகவே உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டலில் லிங்டோ குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த 2006இல் ஆணையும் வந்தது. ஒரு வேட்பாளருக்குச் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே போட வேண்டும். 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. இருந்தும் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் தேர்தலே இல்லை, ஆசிரியர்கள் கைகாட்டுகிறவர்தான் பிரதிநிதி. அதை மாற்றுவது ஓராண்டு வேலை அல்ல. உங்கள் வகுப்பு இருவரையாவது வகுப்பே கை தூக்கித் தேர்ந்தெடுக்கட்டும். வழக்கம் அங்கிருந்து வரும்.

கடைசியாக, எல்லா மாணவர் குழுவையும் கொல்கிற ஒன்று: மூன்றாண்டில் எல்லோரும் போய்விடுவீர்கள். இதற்கு மாணவர் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1960 பிப்ரவரியில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய உணவுக் கவுன்டரில் உட்கார்ந்தார்கள். சில வாரங்களில் அது அமெரிக்கத் தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது. எலா பேக்கர் என்ற ஐம்பத்தாறு வயது அம்மையார் அந்த ஏப்ரலில் ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கூட்டினார். பெரியவர்களின் அமைப்புக்கு இளைஞர் பிரிவாகிவிடாதீர்கள், ஒற்றைத் தலைவரை நம்பியும் இருக்காதீர்கள் என்பது அவர் வலியுறுத்தியது. அங்கே பிறந்த மாணவர் ஒருங்கிணைப்புக் குழு அடுத்த ஆண்டே மிசிசிப்பியில் வீடு வீடாகப் போய் வாக்காளர் பதிவில் இறங்கியது. உட்கார்ந்து செய்த மறியல் பதிவேடுகளுக்குள் போனதால்தான் அது நிலைத்தது.

உங்கள் அளவில் இதற்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வேலையிலும் ஒரு முதலாண்டு மாணவி கூடவே இருக்க வேண்டும், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் (பிஎல்ஓ) பேசுவதும் முதல்வர் அறையில் நிற்பதும் அவருக்கும் பழக வேண்டும். நீங்கள் இல்லாத வாரத்தில் வேலை நின்றால், நீங்கள் இன்னும் தனியாளாகத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

முதல் பருவத்தில் முப்பது படிவங்கள் போனாலே நல்ல தொடக்கம். அவற்றில் சில திரும்பி வரும். ஏன் என்று கேட்டு மறுபடி போடுங்கள். அடுத்த தகுதி நாள் எது என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, உங்கள் விடுதி மாடியிலிருந்தே ஆரம்பியுங்கள். பேரணியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.