எந்த இயக்க அமைப்பு? – வரைபடக் கால்குலேட்டருக்கு நிரல் எழுதும் முன்

நான் 9, 10ஆம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் கணித மன்றத்துக்கு வரும் 12ஆம் வகுப்பு மாணவர்கள், கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் படிக்கத் தொடங்கியதும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "டீச்சர், வரைபடம் போடுற கால்குலேட்டருக்கு நாமே புரோகிராம் எழுதலாமாமே! அதுக்கு விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா?"

ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், எதை வைத்து முடிவு செய்வது என்பதைச் சொல்லிக்கொடுத்தால் மாணவருக்கு இரு பயன்கள். புதுக் கணினி இல்லை என்று ஆர்வத்தைக் கைவிட மாட்டார். வரைபடத்தின் அளவுத்திட்டமும் நன்றாகப் புரியும்.

கருவி எப்படிப்பட்டது?

முதல் வரைபடக் கால்குலேட்டரான கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி 1985இல் வெளிவந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் பரவலாகப் பயன்படுகிறது. அங்குள்ள எஸ்.ஏ.டி. தேர்வின் கணிதப் பகுதியிலும் இத்தகைய கருவிகளுக்கு அனுமதி உண்டு. நம் பொதுத்தேர்வில் கணிதத்துக்குக் கால்குலேட்டர் இல்லை. எனவே மாணவர் இதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

டிஐ-84 பிளஸ் கருவியில் பேசிக் போன்ற எளிய மொழியில், அதன் விசைகளைக் கொண்டே நிரல் எழுதலாம். இதற்குக் கணினியே தேவையில்லை. அதற்கு மேற்பட்ட வேலைக்குத்தான் கணினியும் இயக்க அமைப்பும் வேண்டும்.

மூன்று படிகள்

எழுதுதல்: நிரல் என்பது வெறும் உரைக்கோப்பு. எந்த இயக்க அமைப்பிலும் எழுதலாம்.

மாற்றுதல்: டிஐ-84 பிளஸ் கருவிக்குள் இருப்பது இசட்80 வகைச் செயலி. நம் கணினியின் செயலி வேறு. எனவே அசெம்ப்ளியில் எழுதினால், கருவிக்கு ஏற்ற இயந்திர மொழியாக மாற்றும் மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும். கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50, பிரான்சில் உருவான நம்வொர்க்ஸ் போன்றவற்றில் பைத்தான் உண்டு. பைத்தான் நிரலுக்கு இந்தப் படி தேவையில்லை.

அனுப்புதல்: இயக்க அமைப்பின் வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் தெரியும். டிஐ நிறுவனம் தரும் இணைப்பு மென்பொருள் விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குகிறது. லினக்ஸ் பயனர்களுக்கு டில்ப் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. எஃப்எக்ஸ்-சிஜி50 கருவியைக் கேபிளில் இணைத்தால் பென் டிரைவ் போலத் தெரியும். கோப்பை நகலெடுத்தால் போதும். நம்வொர்க்ஸுக்கு குரோம் போன்ற உலாவி வழியே அனுப்பலாம்.

ஆகவே, முதலில் எந்தக் கருவி, அடுத்து எந்த மொழி, பிறகு கோப்பு எப்படிப் போய்ச் சேரும் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இயக்க அமைப்பைப் பற்றிய கேள்வி கடைசியில் வந்தால், விடை பெரும்பாலும் தானே கிடைத்துவிடும்.

கருவி இல்லாத நம் பள்ளியில்

நம்மிடம் கருவி இல்லை, கணினி இருக்கிறது. கணினியையே வரைபடக் கால்குலேட்டர் ஆக்கும் நிரலை மாணவர் பைத்தானில் எழுதலாம். அப்போது அனுப்பும் படியும் இல்லை. கவனிக்க வேண்டியவை மூன்று.

1. விண்டோஸ் 7 உள்ள கணினியில் பைத்தான் 3.8 வரைதான் நிறுவ முடியும். நம் வேலைக்கு அதுவே போதும்.

2. விண்டோஸில் பைத்தானை வழக்கமான முறையில் நிறுவும்போது, எழுதுவதற்கான ஐடிலும் படம் வரைவதற்கான டிகின்டரும் சேர்ந்தே வந்துவிடும். உபுண்டு லினக்ஸில் பைத்தான் ஏற்கெனவே இருக்கும். டிகின்டரைத் தனியே ஒருமுறை நிறுவ வேண்டும்.

3. ஆய்வகக் கணினிகள் பல பணிகளுக்குப் பயன்படுபவை. அவற்றின் இயக்க அமைப்பை நாமாக மாற்ற வேண்டாம். லினக்ஸைப் பார்க்க விரும்பினால், தலைமையாசிரியரின் அனுமதியுடன் உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் நிறுவத் தேவையில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

திரையில் 300 பிக்சல் அகலமும் 200 பிக்சல் உயரமும் உள்ள சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு அச்சுகளிலும் −10 முதல் 10 வரை வேண்டும். அப்படியானால் கிடையாக ஓர் அலகுக்கு 15 பிக்சல், செங்குத்தாக 10 பிக்சல். திரையில் மேல் இடது மூலைதான் தொடக்கம். கீழே செல்லச் செல்ல எண் கூடும். ஆதிப்புள்ளி (150, 100) என்ற இடத்தில் அமையும். (3, 4) என்ற புள்ளியை எங்கே வைப்பது? கிடையாக 150 + 45 = 195; செங்குத்தாக 100 − 40 = 60. இந்தக் கணக்கை மாணவர்கள் முதலில் தாளில் செய்யட்டும், பிறகு நிரலாக்கட்டும்.

அடுத்து, எக்ஸும் ஒய்யும் சமமாக உள்ள நேர்க்கோட்டை வரையச் சொல்லுங்கள். 45° சாய்வை எதிர்பார்ப்பார்கள்; திரையில் ஏறத்தாழ 34° தான் தெரியும். ஏன் என்று கேட்டால், இரு அச்சுகளின் அளவுத்திட்டமும் வேறு என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு, ஒய் என்பது எக்ஸின் வர்க்கம் என்ற பரவளையம். எக்ஸ் 10 ஆனால் ஒய் 100. வளைவு சட்டத்தைவிட்டு வெளியே ஓடிவிடும். ஒய் அச்சை 0 முதல் 100 வரை மாற்றி, ஓர் அலகுக்கு 2 பிக்சல் என வைத்தால் முழு வளைவும் அடங்கும்.

10ஆம் வகுப்புத் தேர்வில் 8 மதிப்பெண் வரைபட வினாவுக்கு மாணவர் செய்ய வேண்டியதும் இதுவே. அளவுத்திட்டம் பொருந்தாததால் புள்ளிகள் தாளுக்கு வெளியே போய்த் திணறும் பிள்ளைகளை நாம் அறிவோம். மதிப்புகளின் வீச்சைப் பார்த்து அளவுத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இந்தச் செயல்பாட்டில் வருகிறது.

எழுதிய நிரலை ஒரு பென் டிரைவில் சேமித்து, வாய்ப்பிருந்தால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயக்கிக் காட்டுங்கள். ஒரே கோப்பு இரண்டிலும் ஒரே வளைவை வரையும். வீட்டில் கணினி இல்லாத மாணவர், நாளை கல்லூரியில் எந்தக் கணினி கிடைத்தாலும் தயங்காமல் உட்காருவார்.